சைபர் செக்யூரிட்டி முதுகலை: வீட்டுப் பத்திரத்தை வைத்துப் படிக்கலாமா?

புதுவயல் மீனா

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு இங்கேயே ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அப்பா புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார்கள். சைபர் செக்யூரிட்டியில் முதுகலை படிக்க வேண்டும் என்று ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இந்த ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு மெயில். ஆலைக்குப் புது இயந்திரம் வாங்க வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு முன்பணம் அனுப்ப வேண்டியிருந்தது. பணம் அனுப்பும் அன்று காலையில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று மெயில் வந்தது. அதுவரை இரண்டு பக்கமும் எழுதிக்கொண்ட மெயில்கள் எல்லாம் கீழே அப்படியே இருந்தன. இன்வாய்ஸ் எண், தொகை எல்லாம் சரி. முதலாளி போடச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எந்தக் கணக்கு மாறினாலும் போன் போட்டுக் கேட்கிற பழக்கம் உண்டு. கேட்டால், "நாங்கள் மாற்றவே இல்லையே" என்கிறார்கள். சாயங்காலம் அந்த மெயிலை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பெனி பெயரில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்று இரண்டு எழுத்துகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, பழைய மெயில்கள் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன என்பது. அதிலிருந்துதான் இதைப் படித்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திருச்சியில் ஓர் ஏஜெண்ட், இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி.க்கு இடம் வாங்கித் தந்திருக்கிறார். செலவெல்லாம் சேர்த்து முப்பது லட்சம் ஆகும் என்கிறார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டும். அப்பா சரி என்றுவிட்டார்கள், அம்மாவுக்கு மனமில்லை. இன்னொரு பக்கம் சென்னையிலேயே எம்.எஸ்சி. படிக்கலாம் என்று தோழி சொல்கிறாள். எதைச் செய்வது?


கண்டனூரான்

மீனா, நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்கு முதுகலை தேவையே இல்லை. முப்பது லட்சம் என்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு. படிக்க வேண்டியதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. லினக்ஸ் கட்டளைகளைப் பழக ஓவர்தவயர் தளத்தின் 'பண்டிட்' (Bandit) பயிற்சி இருக்கிறது. வெப்சைட்டுகளின் ஓட்டைகளைப் படிக்கப் போர்ட்ஸ்விகர் அகாடமி. மாணவர்களுக்காகவே கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் என்ற ஹேக்கிங் போட்டி இருக்கிறது. இதையெல்லாம் ஒழுங்காக முடித்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

அப்புறம் ஓஎஸ்சிபி தேர்வு எழுதுங்கள். அதில் கொள்குறி வினா கிடையாது. ஏறக்குறைய ஒரு முழு நாள் உட்கார்ந்து, கொடுத்த கணினிகளுக்குள் நிஜமாகவே நுழைந்து காட்ட வேண்டும். முடிந்ததும் அடுத்த நாளுக்குள் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு உள்ள மதிப்பு பல எம்.எஸ்சி.க்களுக்கு இல்லை. நான் டிப்ளமோதான். இன்று பெங்களூரில் பென்டெஸ்ட் வேலையில் இருக்கிறேன், அதாவது கம்பெனிகளின் அனுமதியோடு அவர்கள் கணினிகளுக்குள் நுழைந்து ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை.


செக்காலை ரோடு

கண்டனூர் அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பயிற்சி இல்லாமல் பட்டம் மட்டும் வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை. ஆனால் அண்ணனைப் போலத் தானே தேடிப் பிடித்துப் படித்து முன்னுக்கு வருகிறவர்கள் குறைவு. பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் வடிகட்டும்போதே பட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நான் சென்னையில் ஓர் எஸ்ஓசியில் இருக்கிறேன். அதாவது கம்பெனிகளின் நெட்வொர்க்கை இருபத்து நான்கு மணி நேரமும் கண்காணிக்கும் இடம். சைபர் செக்யூரிட்டி என்று சேர்கிற பலருக்கும் முதல் வேலை இங்கேதான் கிடைக்கிறது. அது எப்படி இருக்கும் என்று மீனா தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

ராத்திரி இரண்டு மணிக்குத் திரையில் ஓர் அலர்ட் வரும். விண்டோஸில் 4625 என்றால் லாகின் தோற்றது, 4624 என்றால் லாகின் ஆனது. ஒரே கணினியிலிருந்து வரிசையாக நாற்பது பேருடைய பெயரில் ஆளுக்கு ஒரு 4625, அப்புறம் ஒரே ஒரு 4624 என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ பொதுவான ஒரு பாஸ்வேர்டை எல்லோருடைய பெயரிலும் ஒவ்வொரு தடவை போட்டுப் பார்த்து, ஒருவரிடம் நுழைந்துவிட்டார் என்று அர்த்தம். ஒரே ஆளின் பெயரில் நாற்பது தடவை போட்டிருந்தால் அக்கவுன்ட் பூட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் இப்படி. இதைப் புரிந்துகொண்டு உடனே அந்த அக்கவுன்ட்டை முடக்க வேண்டும். அந்த ஆள் வேறு எந்தெந்தக் கணினிக்குப் போனார் என்று தேட வேண்டும். தாக்குதல் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு அது. கணினிகளில் தானாகப் பதிவாகும் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இந்த மாதிரி உட்கார்ந்து லாக் படிப்பது பிடிக்குமா என்பதுதான் முதல் கேள்வி. சினிமாவில் வருவது போன்ற வேலை இல்லை. அந்த மெயிலைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தேன் என்று மீனா எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ இவருக்குப் பிடிக்கும் என்றுதான் தோன்றுகிறது.

பழைய மெயில்கள் எப்படிக் கிடைத்தன என்பதற்கும் சொல்கிறேன். இரண்டு பக்கத்தில் ஒருவருடைய மெயில் பெட்டிக்குள் அவர்கள் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு ஃபார்வர்டிங் ரூல் போட்டுவிடுவார்கள். 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் மெயில் எல்லாம் சத்தமில்லாமல் அவர்களுக்கும் ஒரு பிரதி போகும். ஆலையின் மெயிலில் செட்டிங்ஸ் போய் அப்படி ரூல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் அந்த ரூல் போகாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.


புதுவயல் மீனா

அண்ணே, ஆலையில் பார்த்தேன், ரூல் எதுவும் இல்லை. அந்தக் கம்பெனிக்குச் சொன்னோம். அவர்கள் பக்கம்தான் இருந்ததாம்.


பள்ளத்தூரான்

நான் இங்கிலாந்தில் அந்த ஒரு வருட எம்.எஸ்சி.யை முடித்தவன், இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படிப்பில் குறை இல்லை. இந்தப் பாடத்தில் உலகத்துக்கே முன்னோடிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ராயல் ஹாலோவேயில் 1992லேயே தகவல் பாதுகாப்பு எம்.எஸ்சி. தொடங்கிவிட்டார்கள். 2014இல் அரசின் உளவு நிறுவனமான ஜிசிஹெச்க்யூ முதுகலைப் படிப்புகளைப் பரிசோதித்துச் சான்று தர ஆரம்பித்தது. இப்போது அதன் பிரிவான தேசிய சைபர் பாதுகாப்பு மையம், அதாவது என்சிஎஸ்சி, அதைச் செய்கிறது. மீனாவுக்கு இடம் கிடைத்த படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏஜெண்டிடம் கேட்காதீர்கள், என்சிஎஸ்சி தளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜெண்டுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் அதிகம் கொடுக்கிறதோ அதைத்தான் அவர் முதலில் காட்டுவார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருடைய தொழில் அப்படி.

ஒரு வருடம் என்பது உண்மையில் மிகக் குறைவான காலம். மொத்தம் 180 கிரெடிட், அதில் 60 ஆய்வறிக்கைக்குப் போய்விடும். செப்டம்பரில் வந்து இறங்கி, குளிருக்குப் பழகி, அறை தேடி, பகுதிநேர வேலை தேடுவதற்குள் முதல் செமஸ்டர் முடிந்துவிடும். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அந்தச் சம்பளத்தில் சாப்பாட்டையும் வாடகையையும் ஓரளவு சமாளிக்கலாம், கல்விக் கட்டணத்தைக் கட்ட முடியாது. "அங்கே போய் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விசாவுக்குக் கல்விக் கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவை வங்கியில் தொடர்ந்து 28 நாள் வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்து 28 நாள் கழித்துத் திருப்பி வாங்கிக்கொள்கிற ஆட்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த வழிக்குப் போகவே போகாதீர்கள். இதற்கு மேல் மருத்துவ வரி வருடத்துக்கு 776 பவுண்டு, விசாவோடு சேர்த்து முன்பே கட்ட வேண்டும். ஏஜெண்ட் சொன்ன முப்பது லட்சத்தில் இதெல்லாம் அடங்கியிருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள்.

படிப்பு முடிந்தபின் என்ன? இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேலை தேட இரண்டு வருடம் தந்த விசா, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். அதற்குள் ஒரு கம்பெனி உங்களுக்கு வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும். 2025 ஜூலையில் அதற்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டாக ஏறியது. புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கு 33,400. எல்1 எனும் முதல் நிலை அனலிஸ்ட் வேலையில் அந்தத் தொகையைத் தொடுவது சுலபமில்லை.

இன்னொன்று நம் துறைக்கே உரிய சிக்கல். இங்கே சைபர் செக்யூரிட்டி வேலைகளில் கணிசமானவை அரசுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் செய்கிற வேலை. அதற்குச் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கேட்பார்கள். சாதாரண எஸ்சி ('செக்யூரிட்டி செக்') கிளியரன்சுக்கே பொதுவாக ஐந்து வருடம் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே அரசு வேலைக்குக் குடியுரிமையே கேட்பார்கள். டேட்டா சயின்ஸ் படிக்கிறவனுக்கு இந்தத் தடை இந்த அளவுக்கு இல்லை, நமக்கு இருக்கிறது. என் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைகள் பலர் இந்த ஒரு வரியால் பாதி விளம்பரங்களுக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாமல் இருந்தார்கள்.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊரில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் நிலைமையே வேறு. அனுபவம் உள்ள ஆளுக்கு ஸ்பான்சர் செய்யக் கம்பெனி தயங்காது.


தேவகோட்டை பேரேடு

ஆத்தா மீனா, நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் கடனைப் பற்றிச் சொல்கிறேன்.

கல்விக் கடன் ஏழரை லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஈடு கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால்தான் பத்திரம். இந்தியாவுக்குள் முதுகலை படித்தால் அநேகமாக அந்த ஏழரை லட்சத்துக்குள்ளேயே முடிந்துவிடும், வீட்டைத் தொட வேண்டாம். வெளிநாட்டுக்கு முப்பது லட்சம் வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாரு. 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்தால் மாதம் 41,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு வருட வட்டி ஆறரை லட்சத்துக்கு மேல். அதைக் கட்டாமல் அசலோடு சேர்த்தால் தவணை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டும். நம் நாட்டுக்குத் திரும்பி வந்து முதல் வேலையில் சேர்ந்தால் இதைக் கட்ட முடியுமா? அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டு. கணக்கு எழுதுகிறவர், பார்த்த உடனே அவருக்குப் புரியும். பழைய வரி முறையில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கக்கூடாது.

இந்தத் துறை நம் ஊருக்கு ஒட்டாத துறை என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். 1937 பிப்ரவரி 10 அன்று சிதம்பரம் செட்டியார் ஐஓபியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அடுத்தவர் பணத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது இந்த மண்ணின் தொழில். இன்று அந்தக் காவல் வேலை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக மூன்று மோசடிப் பரிவர்த்தனைகள் நடந்தன, மொத்தம் ஏறக்குறைய இருபது லட்சம் டாலர். எதில் பிடிபட்டது தெரியுமா? மறுநாள் காலைக் கணக்கு ஒத்துப்பார்த்ததில். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பங்களாதேஷ் மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் போனதும் அதே ஸ்விஃப்ட் வழியில்தான். அங்கே பரிவர்த்தனைகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டரை முடக்கிவைத்திருந்தார்கள். பிரிண்டர் கெட்டுப்போச்சு என்றுதான் ஊழியர்கள் நினைத்தார்கள். அந்த வருடம் ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சைபர் பாதுகாப்புச் சுற்றறிக்கை அனுப்பியது. செக்காலைத் தம்பி சொல்கிற எஸ்ஓசி எல்லாம் வங்கிகளில் கட்டாயமாக வந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே கணக்கும் தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்த பிள்ளைக்கு வங்கித் துறையில் நல்ல இடம் உண்டு. ஆடிட்டர் ஆபீஸ் வேலையைச் சாதாரணமாக நினைக்காதே. தகவல் அமைப்புத் தணிக்கை என்று ஒரு தனித் துறையே இருக்கிறது. அதற்கு சிஐஎஸ்ஏ என்ற சான்றிதழ் உண்டு.

எங்கள் ஐயா காலத்தில் பர்மா கடைக்கு வேலைக்குப் போகிற பையன் முதலில் பெட்டியடிப் பையன்தான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவது போவதைப் பார்க்க வேண்டும். அடுத்தாள் ஆவது, கடையையே நடத்தும் ஏஜெண்ட் ஆவதெல்லாம் அப்புறம். அலர்ட் பார்க்கிற வேலையும் அது போன்றதுதான். அதைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.


கண்டனூரான்

ஐயா சொன்ன கடன் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நான் கேட்பது இதுதான். அந்த இரண்டு வருடத்தை வேலையில் செலவிட்டால் எம்.எஸ்சி.யில் கற்றுக்கொள்வதைவிட அதிகம் கற்றுக்கொள்ள முடியாதா? கல்லூரிகளில் இன்னும் பழைய டூலைக் காட்டி ரெக்கார்டு நோட்டு எழுத வைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் சைபர் செக்யூரிட்டி எம்.டெக். முடித்திருந்தான், நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் ஒரு பாக்கெட்டைத் திறந்து காட்டினால் விழிக்கிறான்.


கோட்டையூர் கணக்கு வாத்தியார்

கண்டனூர் தம்பியின் கோபம் நியாயமானது. அப்படிப்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் டூல் தெரிவது வேறு, அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிவது வேறு. டூல் மாறிக்கொண்டே இருக்கும். முதுகலை படிப்பதே அந்த 'ஏன்' என்பதற்காகத்தான். அதை வேலைக்கு நடுவில் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்காது.

மீனா, ஒரு சின்னக் கணக்கு தருகிறேன், தாளும் பேனாவும் எடுத்துச் செய்து பாருங்கள். 3, 11 என்று இரண்டு பகா எண்கள். பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால், 2 × 10, 20. இப்போது 3, 7 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பெருக்கல் 21, அதை 20ஆல் வகுத்தால் மீதி 1, அதனால்தான் இவற்றை எடுத்தோம். 3 பூட்டுவதற்கு, 7 திறப்பதற்கு. அனுப்ப வேண்டிய ரகசியம் 4 என்று வையுங்கள். 4 × 4 × 4 = 64. 33ஆல் வகுத்தால் மீதி 31. இந்த 31ஐத்தான் எல்லோரும் பார்க்கும்படி அனுப்புகிறோம். பெற்றுக்கொண்டவர் 31ஐ ஏழு முறை பெருக்கி 33ஆல் வகுத்து மீதி பார்க்க வேண்டும். 31 என்பது 33க்கு இரண்டு குறைவு, அதனால் மைனஸ் 2 என்று வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 2ஐ ஏழு முறை பெருக்கினால் மைனஸ் 128. அதோடு 132ஐக் கூட்டினால் 4. ரகசியம் திரும்பி வந்துவிட்டது.

ரகசியத்தைப் பூட்டி அனுப்ப 1977இல் வந்த ஆர்எஸ்ஏ முறை இதுதான். நிஜத்தில் அந்த 33க்குப் பதிலாக அறுநூறு இலக்க எண் இருக்கும், அதை இரண்டாகப் பிரிக்க இன்றைய கணினிகளால் முடியாது. ஆனால் பெரிய குவாண்டம் கணினி வந்தால் முடியும். அதற்காகத்தான் 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி மூன்று புதிய தரமுறைகளை வெளியிட்டது. இனி வரும் வருடங்களில் வங்கிகளும் அரசுகளும் பழைய முறையிலிருந்து புதியதற்கு மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யக் கணிதம் தெரிந்த ஆட்கள் வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ் படிப்பில் இது வராது. பகா எண் விஷயத்தில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் எண் பகா எண்தானா என்று சந்தேகமில்லாமல், நியாயமான நேரத்தில் கண்டுபிடிக்கும் முறையை 2002இல் கொடுத்தவர்கள் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும். அந்த இரண்டு பேரும் அப்போது இளங்கலை முடித்த பிள்ளைகள்.

இந்தக் கணக்கு உங்களுக்கு இனித்தால் முதுகலை படியுங்கள். கசந்தால் கண்டனூர் தம்பியின் வழியும் நல்ல வழியே.

தகுதி பற்றி ஒரு வார்த்தை. மீனா படித்தது மூன்று வருட பி.எஸ்சி. எம்.டெக்.குக்கு நேரடியாகச் சேர முடியாது, பி.இ. அல்லது எம்.சி.ஏ., எம்.எஸ்சி. கேட்பார்கள். கோயம்புத்தூர் அமிர்தா பல்கலைக்கழகத்தில் சைபர் செக்யூரிட்டி எம்.டெக். இருக்கிறது, ஐஐடி கான்பூரிலும் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களில் 'கேட்' நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, கடனே வேண்டாம். ஆக எம்.எஸ்சி. அல்லது எம்.சி.ஏ. முடித்து, கேட் எழுதி, எம்.டெக். போகலாம் என்பது நீண்ட வழி, ஆனால் செலவு குறைந்த வழி. எம்.சி.ஏ. அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம்.


நெற்குப்பை வள்ளி

மீனா, நான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் சேர்ந்த எம்.எஸ்சி. படித்தவள். இப்போது தடயவியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் நெட்வொர்க்கையே பேசுவதால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

ஒரு கைப்பேசி எங்களிடம் வந்தால் முதலில் அதைத் திறந்து பார்க்க மாட்டோம். அது சிக்னல் போகாத பையில் வந்திருக்கும். வெளியே எடுத்தால் யாராவது தூரத்திலிருந்து அழித்துவிட முடியும். உள்ளே இருப்பதை அப்படியே ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கு ஹாஷ் எண் கணக்கிடுவோம். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். ஆய்வெல்லாம் பிரதியில்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய சட்டம் எனும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி கொடுக்கும் சான்றிதழில் இந்த ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். நிபுணர் தனியாகக் கையெழுத்திட வேண்டிய பகுதியும் அதில் உண்டு. எண் ஒத்துப்போகவில்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் விட மாட்டார், மாதக்கணக்கில் செய்த வேலை வீணாகிவிடும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டிப் பணம் பறித்த வழக்குகளில் வயதானவர்கள் அழுதுகொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். அவர்களுக்கு நியாயம் கிடைப்பது இந்த ஓர் எண்ணைச் சரியாக எழுதுவதிலும் இருக்கிறது. இந்த வேலையை நான் மனதாரச் செய்கிறேன்.

பகல் வேலை வேண்டும் என்று வீட்டில் கேட்டால் தடயவியல், தணிக்கை, பாதுகாப்புக் கொள்கை இந்த மூன்றையும் பாருங்கள். எஸ்ஓசி என்றால் ராத்திரி ஷிஃப்ட் இருக்கும். நான் அதைத் தவறென்று சொல்லவில்லை, அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குஜராத்தின் காந்திநகரில் தேசிய தடயவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, பி.எஸ்சி. முடித்தவர்கள் சேரக்கூடிய எம்.எஸ்சி.க்கள் அங்கே உண்டு. அதையும் விண்ணப்பியுங்கள்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேரும் முன் நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் தாங்களே உடைத்துப் பார்த்துத் திரும்பக் கட்டிக்கொள்ள தனி நெட்வொர்க் இருக்கிறதா, பாடம் எடுப்பவர்கள் இந்தத் துறையில் வேலையோ ஆராய்ச்சியோ செய்தவர்களா, கடைசி செமஸ்டர் பிராஜெக்டை வெளியே ஒரு நிறுவனத்தில் செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். சீனியர்களைக் கேன்டீனில் பிடித்துப் பேசுங்கள், விளம்பரப் புத்தகத்தில் வராதது அங்கே தெரியும். பாடத்திட்டத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், வாத்தியார் ஐயா சொன்ன கிரிப்டோகிராஃபி மூன்றும் ஆழமாக இல்லாமல் டூல்களின் பெயராகவே வரிசையாக இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.


சிராவயல்

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போகிற விஷயம்தான், ஆனாலும் முக்கியம். "தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டிகிரி போதும், டிக்கெட் இலவசம்" என்று யாராவது வந்தால் போகாதீர்கள். 2022இல் அப்படிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மியான்மரின் மியாவாடி பக்கம் கொண்டுபோய் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்டது. நம் பக்கத்தில் வெளிநாடு போவது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம், ஏஜெண்ட் என்றால் நம்பிவிடுகிறோம். வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் தளத்தில் ஏஜெண்டின் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கக்கூடாது.


கண்டனூரான்

வள்ளி அக்கா, வாத்தியார் ஐயா இரண்டு பேரும் சொன்னதைப் படித்தேன். தடயவியலுக்கும் கிரிப்டோகிராஃபிக்கும் பட்டம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பென்டெஸ்ட் வேலைக்கு வேண்டும் என்று இன்னும் ஏற்கவில்லை. மீனா எதில் சேர்ந்தாலும், சேரும் முன்பே பண்டிட்டை ஆரம்பித்துவிடுங்கள். 16 ஜிபி ரேம் உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப் போதும், ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு மூன்று மெஷின்கள் ஓடும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். அனுமதி எழுத்தில் இல்லாமல் அடுத்தவர் சர்வர் மேல் எதையும் ஓட்டக்கூடாது, ஆலை முதலாளியின் வெப்சைட்டாக இருந்தாலும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் அது குற்றம்.


புதுவயல் மீனா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பேரேடு ஐயா போட்ட கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவர்களே பேனா எடுத்து மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, ஏஜெண்டுக்குப் போன் செய்து இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளத்தூர் அண்ணன் சொன்னபடி, போவதென்றால் வேலை பார்த்த பிறகு போகலாம் என்றிருக்கிறேன்.

வள்ளி அக்கா படித்த படிப்புக்கும் காந்திநகருக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். இரண்டும் கிடைக்காவிட்டால் அழகப்பாவில் எம்.சி.ஏ., அப்புறம் கேட். வாத்தியார் ஐயா, அந்த 31 கணக்கைச் செய்தேன். 5, 11 வைத்தும் செய்து பார்த்தேன், வந்தது. எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆடிட்டர் சாரிடமும் கேட்டேன். தணிக்கைக்குப் போகும் இடங்களில் யார் யாருக்கு என்ன லாகின் அனுமதி இருக்கிறது என்று பார்க்கிற வேலையை இனி எனக்குத் தருகிறேன் என்றார்.

பண்டிட் ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டாவது நிலையில் மாட்டிக்கொண்டேன். ஹெக்ஸ் டம்ப்பாக, அதாவது வெறும் எண்ணும் எழுத்துமாக மாற்றிவைத்த ஒரு ஃபைல் இருக்கிறது. அதை எக்ஸ்எக்ஸ்டி கட்டளை போட்டுத் திருப்பி எடுத்துவிட்டேன். ஜிஜிப் வகையில் சுருக்கிய ஃபைல் என்று காட்டுகிறது. ஆனால் விரிக்கச் சொன்னால் 'அன்னோன் சஃபிக்ஸ்' என்று வந்து நின்றுவிடுகிறது. என்ன செய்வது?


செக்காலை ரோடு

ஜிஜிப் என்பது ஃபைலின் பெயர்க் கடைசியைப் பார்த்துத்தான் விரிக்கும். எம்வி கட்டளை போட்டு, கடைசியில் புள்ளி ஜிஇஜட் சேர்த்துப் பெயரை மாற்றிவிட்டு விரியுங்கள். அதற்குள் இன்னொரு பொட்டலம் இருக்கும், அதற்குள் இன்னொன்று. பிஜிப்2 வரும், டார் வரும். ஒவ்வொன்றையும் பிரித்த பிறகு 'ஃபைல்' கட்டளை போட்டு என்ன வகை என்று பாருங்கள், ஊகிக்க வேண்டாம். எல்லாவற்றையும் டிஎம்பி ஃபோல்டருக்குள் தனியாக ஒரு டைரக்டரி போட்டு அதில் செய்யுங்கள், ஹோமில் எழுத அனுமதி இருக்காது. பதின்மூன்றாவது நிலையில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு பிரைவேட் கீ கிடைக்கும். வாத்தியார் ஐயாவின் கணக்கு அங்கே உதவும்.